வாசல்களின் எண்ணிக்கை

படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
ஆறேழை ஜீப்பிலேயே நிரப்பிவிட்டேன்.
கூவக்காட்டுவிளை, கல்குளம் வட்டம்,
தொடக்கப்பள்ளி, பழைய கட்டடம்,
ஓர் அறை, ஓட்டுக்கூரை.
தற்போதைய உபயோகம்: இல்லை.

சாவியோடு வந்தவர் சத்துணவுச் சமையலர் ஜெபக்கனி.
விடியலில் பால்வெட்டு, பத்து மணிக்கு உலை.
விரல் இடுக்கில் ரப்பர் பால் காய்ந்திருந்தது.
‘ஓட்டுப்பெட்டி வைக்கத் தொறப்போம்,
பின்னே மழை கூடினா ஆளுகளுக்கு’ என்றார்.
‘உபயோகம் இல்லை’யை அடித்தேன்.

வயது நூற்றுப் பதினொன்று.
எண்பதுக்கு மேல் எங்கள் கணக்கில்
சுவருக்கு விலை கிடையாது.
விலை உள்ளவை:
அயினி உத்தரம் மூன்று,
உடைந்தது போக ஓடு ஆயிரத்து எண்ணூறு,
தேக்குக் கதவு ஒன்று.

கரும்பலகை சுவரிலேயே பூசியது.
கறுப்பு உரிந்த இடத்தில் இன்னொரு கறுப்பு,
அதில் வெளிறிய மலையாள எழுத்து இரண்டு.
மேலே, தமிழில், பாதி ‘ஆஜர்’.
மாநில எல்லை நகர்ந்த வருடமும்
இந்தச் சுவர் இங்கேதான் நின்றிருக்கிறது.

பழைய மாணவர் சங்கம் மனு கொடுத்திருக்கிறது:
இடிக்கக் கூடாது, பாரம்பரியச் சின்னமாக்க வேண்டும்.
இணைப்பாக வழவழத் தாளில் ஒரு மலர்.
முன்வாசல், கொடிமரம், தலைப்பாகை வாத்தியார்கள்.
‘அனைவருக்கும் திறந்த கதவு’ என்று அட்டையில்.

மேற்குச் சுவரில் நாடா ஓரிடத்தில் தடுக்கியது.
மூன்றடி அகலம், நாலரை அடி உயரம்.
பூச்சு வேறு நிறம்.
விரல் மடக்கித் தட்டினேன். செங்கல்.
மற்றதெல்லாம் வெட்டுக்கல்.

‘அதொரு வாசலாக்கும்.’
யாருக்கு?
‘முன்வாசல்ல ஏறக்கூடாதவங்களுக்கு.’
குழம்புக்கு உப்பு எத்தனை கரண்டி
என்று சொல்கிற குரல்.

சுற்றிப் போய்ப் புல்லை விலக்கினேன்.
படிக்கல் இருந்தது.
முன்வாசல் படியில் தேய்மானம் அரை அங்குலம்.
இதில் ஒன்றேகால்.
அங்கே மிதித்தவர்கள் ஆயிரக்கணக்கில்,
இங்கே வந்தது ஏழெட்டுப் பேர் இருக்கலாம்.
கணக்கு உதைத்தது.
மறுபடி அளந்தேன். அதே ஒன்றேகால்.

அப்புறம்தான் குழியின் வடிவம் தெரிந்தது.
கால் படும் நடுவில் இல்லை,
இரண்டு ஓரத்திலும்.
வாசல்வரை வந்தவர்கள், உள்ளே போகவில்லை.
சிலேட்டு இல்லாமல்
கூழாங்கல்லால் கல்லிலேயே எழுதி,
தேய்த்து அழித்து,
அடுத்த பாடம் எழுதியிருக்கிறார்கள்.
விரலை விட்டுப் பார்த்தேன்.
உள்ளே மழைத்தண்ணீர், ஒரு எறும்பு.

செயலாளர் நீலகண்டன் போனில் வந்தார்.
‘மேடம், அந்த மேற்குச் சுவர் சும்மா ஒட்டுப்போட்டது.
பாரம்பரியம்ணு எழுதும்போ
நல்லத எழுதுங்க, என்ன?’
கோட்டாறில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார்,
பின்னால் நாதஸ்வரம்.
சரி என்று நான் சொல்லவில்லை.
சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

ஒன்பதாவது கட்டம்: வாசல்களின் எண்ணிக்கை.
இரண்டு, என்று எழுதினேன்.
பக்கத்தில் இடம் போதவில்லை,
தாளைத் திருப்பிப் பின்புறம்
படியின் நீளம், அகலம், இரண்டு குழியின் ஆழம்,
எந்தத் திசை பார்த்தது என்பது வரை.
இடிக்கலாமா என்ற கேள்விக்கு
‘பின்பக்கம் பார்க்க.’

பூட்டும்போது ஜெபக்கனி கேட்டார்:
‘அந்தக் கல்லுக்கு எவ்வளவு போட்டிய?’
விலை போடவில்லை என்றேன்.
‘அதான் நல்லது.
போட்டா வித்துப்போடுவானுவ.’