லோடு வரவில்லை

ராத்திரி இரண்டரை.
மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில்
மண்டபம் வண்டிக்குக் காத்திருக்கிறேன்.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு என்றார்கள் சாயங்காலம்.
டீ ஆறுவதற்குள் ஐந்து.
இப்போது ஏழு.

இங்கே தூறல்.
தார்ப்பாயில் விழுந்து
சத்தம்கூட இல்லாமல் போகிறது.

கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை நான்.
கடலை மொத்தம் நாலு தடவை பார்த்திருக்கிறேன்,
அதில் ஒன்று ரயில் ஜன்னலில்,
கல்யாணத்துக்குப் போன வழியில்.
ஆனாலும் அது எப்போது கெடுகிறதென்று
என் பேரேட்டுக்குத் தெரியும்.

பழைய பேரேடுகளில்
ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்கள்தாம் வெளுத்திருக்கும்.
தடைக்காலம் தனி, அது அரசாங்கம் போட்ட கோடு.
இப்போது தையில் நாலு நாள் வெற்று,
மாசியில் ஒரு வாரம்,
வள்ளக்காரர் மட்டும் தொழிலுக்குப் போகும்
சித்திரையில்கூட.
வந்த புயல் வந்த வேகத்தில் போவதுமில்லை.
வளைகுடாவில் அப்படியே நின்றுவிடுகிறது,
வட்டி வாங்க வந்தவன் மாதிரி,
வாசலில் செருப்பைக் கழற்றாமல்.

‘லோடு வரவில்லை’ என்று எழுதிச் சலித்து
டவுன்ஹால் ரோட்டில் நூற்றெண்பது ரூபாய்க்கு
ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன்.
முதலாளி சிரித்தார். பில்லுக்குப் பணம் தந்தார்.

அடுத்த பக்கம் முன்பணம்.
தங்கச்சிமடம் சந்தியாகு, வள்ளம் ஒன்று.
வலைக்கு எண்பதாயிரம்.
அந்த வலை போன புயலில் போக, மேலே நாற்பது.
எஞ்சின் உப்புத்தண்ணீர் குடித்ததற்கு முப்பத்தைந்து.
கடன் தீரும்வரை மீன் எங்களுக்கே,
நாங்கள் சொல்லும் விலைக்கே.
எல்லாம் என் கையெழுத்துதான்.
அழகாக இருக்கும் என்று பேர்.

போன் போட்டேன்.
“மீனா? அண்ணே,
வள்ளத்தக் கட்டுன கயிறு மட்டும் கையில இருக்கு.
நாங்க பள்ளிக்கூடத்துல கெடக்கோம்,
ஒரு வகுப்புக்கு ஆறு வீடு.
ஓடு ஒண்ணொண்ணாப் பறக்குது.
மதுரையில மழையா?”
தூறல் என்றேன்.
“நல்லது” என்றான்.
நிஜமாகவே நல்லது என்றுதான் சொன்னான்.

நாலு மணிக்கு ஆந்திரா லாரிகள் வந்துவிட்டன.
கட்லா, ரோகு,
கரையே உடையாத குளத்து மீன்.
ஏலக்காரன் தொண்டை
ஒரு சுருதிகூட இறங்கவில்லை.
விடிந்தால் செல்லூரிலும் ஆனையூரிலும்
குழம்பு கொதிக்கும்.
சீலா ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார்.
“புயல் சார்.”
“எங்க?”

ஸ்டாம்பை எடுத்துத் தேதிக்கு நேரே அழுத்தினேன்.
பேடில் மை காய்ந்திருந்தது.
‘லோடு’ விழவில்லை,
‘வரவில்லை’ மட்டும் விழுந்தது.
எட்டிப் பார்த்த முதலாளி
சந்தியாகு பக்கத்தில்
இந்த மாத வட்டியைப் போடச் சொன்னார்.

போட்டேன்.
கால்விரல் இடுக்கில் சில்லென்று தண்ணீர் ஏறியது.
பதறிக் குனிந்து பார்த்தேன்:
ஐஸ்தான்,
ஆந்திரா லாரியினுடையது.