புதுவயலிலிருந்து பனி நிலவரம்

மாலை நான்கு மணிக்கு
கீழே ரைஸ்மில் பெல்ட் ஓடத் தொடங்கினால்
மாடியில் என் மேசை லேசாக நடுங்கும்.
அங்கே அப்போது விடியற்காலை மூன்றரை.
எட்டாயிரம் அடி உயரத்தில்
கம்பத்தில் கட்டிய கருவி ஒன்று
எனக்கு எண்களை அனுப்புகிறது:
புதுப்பனி பதினான்கு சென்டிமீட்டர்.
காற்று தென்மேற்கு, நள்ளிரவிலிருந்து வேகம்.
வெப்பம் மைனஸ் பதினொன்று.
இங்கே மாசி.
ஃபேன் ஐந்தில் சுற்றியும்
கீபோர்டில் வியர்வை.

பனிமோட்டார் ஓட்டுகிறவர்கள்
ஏழு மணிக்கு எழுந்து முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.
வண்டியை டிரெய்லரில் ஏற்றலாமா,
எந்தச் சரிவில் ஏறலாம்,
எதன் அடியில் நிற்கக் கூடாது.
நான் எழுதுவதை மார்லீன் திருத்துவாள்,
கையெழுத்து அவளுடையது.

நான் பனியைத் தொட்டதில்லை.
எங்கள் ஊரில் பனி என்றால்
மார்கழியில் தலைக்கு மஃப்ளர்,
காரைக்குடி முதல் பஸ்ஸின் மங்கிய கண்ணாடி.
இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
அத்தனை வகையை எப்படிப் பிரிப்பது?
அதனால் நோட்டில் மில் வார்த்தைகளில்
குறித்துக்கொள்வேன்.
இரவில் விழுந்தது மாவு.
காற்று தள்ளிக்கொண்டுபோய் மேட்டின் மறுபுறம் அப்பியது
அமுக்கிய தவிடு.
வெயில் பட்டு இறுகியது பொருக்கு.
எல்லாவற்றுக்கும் அடியில்,
ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பது
குருணை.

குருணைதான் பயம்.
மூன்று வாரமாக அங்கேயே கிடக்கிறது,
அறுபது சென்டிமீட்டர் கீழே.
நேற்று நாற்பது வண்டிகள் அதன்மேல் ஏறி இறங்கின.
எல்லோரும் வீடு போய் சூப் குடித்தார்கள்.
இன்றைக்கும் 'மிதம்' என்றே போடு
என்கிறது விரல்.

ஜன்னலுக்கு வெளியே உமிமேடு.
போன ஐப்பசியில்
மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து
மேலே ஓடு கட்டியிருந்தது.
லோடுமேன் சாத்தையா தினமும்
அதைக் குறுக்கே கடந்துதான் டீக்கடைக்குப் போவார்.
அன்றும் போனார்.
ஒரு சத்தம் கேட்டது,
யாரோ பஞ்சு மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்ததுபோல.
அவர் நின்ற இடத்துக்கு மிக மேலே
ஒரு கோடு ஓடியது.
பிறகு மேடே இறங்கி வந்தது.

முறத்தால், சாக்கால், கையால் தோண்டினோம்.
ஆளுக்கு ஒரு பக்கம் தோண்டினோம்,
அதுதான் தப்பு.
தலை தெரிந்தபோது மில் கடிகாரத்தில்
பதினோரு நிமிடம் போயிருந்தது.
இருமினார்.
முதலில் கேட்டது
இடது கால் செருப்பை.

மணி ஏழாகிவிட்டது.
'மிதம்' அழித்து 'அதிகம்' என்று போட்டேன்.
கீழே சேர்த்தேன்:
நேற்று தாங்கியது என்பதால் இன்றும் தாங்கும் என்றில்லை.
ஒருவர் சரிவைத் தாண்டும்வரை மற்றவர்கள் ஓரமாக நில்லுங்கள்.
நடுச்சரிவில் வண்டி சிக்கினால்
உதவிக்கு இன்னொரு வண்டி ஏற வேண்டாம்.
மண்வெட்டி முதுகில் இருக்கட்டும்,
வண்டியில் அல்ல.

எண்கள் ஏறக்குறைய நேற்றைப் போலத்தானே,
எதை வைத்துச் சொல்கிறாய்?
மார்லீன் கேட்டாள்.
காற்று, என்று தட்டினேன்.
பொய்யில்லை.
உமியை எப்படி விளக்குவது,
இருபது நிமிடத்தில்?

முதல் வரியை வெட்டிவிட்டாள்.
மண்வெட்டியை விட்டுவைத்தாள்.
'அதிகம்' வெளியே போயிற்று.
ஐந்தாவது நிமிடம் ஒருவர் எழுதியிருந்தார்:
நானூறு மைல் ஓட்டி வந்தேன்,
என் சனிக்கிழமையைக் கெடுத்தாய்.
என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை.
போடவில்லை.

இறங்கி வந்தபோது
சாத்தையா கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.
"அங்கன இன்னைக்கு எப்படி?"
தினமும் கேட்பார்,
மழை உண்டா என்று கேட்பதுபோல.
"மேலே தவிடு, அடியில குருணை."
சாவியை இடுப்பில் செருகினார்.
"அப்ப சுத்திப் போகச் சொல்லு."