காற்றைக் கழித்தது போக

ஸ்கோர் எழுதுகிறவனுக்கு முகம் இரண்டாம்பட்சம்.
எண்தான் தெரியும்.
பதினான்கு.
பணகுடிப் பள்ளிக்கூடத் திடலில்
அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு
அது இடுப்புக்கு எட்டவில்லை.
பேர் கேட்டேன்.
மேஜை வரைக்கும் குனிந்து
"சுயம்புக்கனி" என்றாள்.
கட்டத்துக்குள் அடங்காத பேர்.
எஸ். கனி என்று சுருக்கினேன்.
ரயில்வே ஆர்டரிலும்
அப்படியேதான் வந்ததாம், பிற்பாடு.

ஆனி ஆடியில் எங்கள் பக்கம்
மலை இடுக்கு வழியாய் இறங்கும் காற்று
ஓட்டுக்கூரையையே பிரிக்கும்,
பந்தை விட்டுவைக்குமா?
அவள் வடக்கு வளையத்துக்கு
ஒரு முழம் மேற்கே எறிவாள்.
தூத்துக்குடிப் பிள்ளைகள் சிரித்து முடிப்பதற்குள்
காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய்
உள்ளே போட்டிருக்கும்.

ஊரில் அவளுக்குக் காத்தாடி என்று பட்டம்.
அவள் அப்பா நிஜக் காத்தாடிகளுக்கு
ராத்திரி வாட்ச்மேன்.
பாளையங்கோட்டைக் கடையில்
பத்தாம் நம்பர் ஷூ கேட்டபோது
"அண்ணனுக்காம்மா?" என்றார் கடைக்காரர்.
"ஆமா, அண்ணனுக்குத்தான்."
அவளுக்கு அண்ணன் கிடையாது.

பிறகு சென்னை.
கூரை போட்ட மைதானம், மரத்தரை,
பளபளவென்று விளக்கு.
ஆறு மாதம் எறிந்ததெல்லாம்
ஒரு முழம் இடப்பக்கம் போய் விழுந்தது.
கோச் கண் டாக்டரிடம் அனுப்பினார்.
கண்ணில் குறை ஒன்றும் இல்லை.
ஒரு ராத்திரி எனக்கு போன் வந்தது.
"அண்ணாச்சி, இங்கன காத்தே இல்ல.
இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.
கழிச்சிட்டேன்."
பின்னால் யாரோ பந்து தட்டும் சத்தம்.
வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அப்புறம் லூதியானா, கட்டாக், பாவ்நகர்.
பேப்பரில் ஒருதடவை படம் வந்தது,
நெற்றிக்கு மேலே வெட்டுப்பட்டு.
இந்திய முகாமுக்கு இரண்டு முறை போனாள்;
பன்னிரண்டு பேர் விமானம் ஏற,
இரண்டு முறையும் பதின்மூன்றாவது.
அதுவும் ஒரு வேலைதான்:
பெட்டியைக் கட்டி வைத்திருக்க வேண்டும்,
யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது என்று
மனசார நினைக்கவும் வேண்டும்.

முழங்கால் போனபோது
முருங்கைக்காய் ஒடித்த மாதிரி கேட்டதாம்.
பத்து மாதம் டிக்கெட் கவுண்டர்.
கண்ணாடி ஓட்டை வழியாய்ப் பார்த்தவர்களுக்கு
அவள் உயரம் தெரிந்திருக்காது.
திரும்பி வந்தாள். பெஞ்சிலிருந்து
ஆட்டத்துக்கு எட்டு நிமிடம், ஆறு நிமிடம்.
நாலு நிமிடம் கிடைத்த நாளில்
மூன்று ஃபவுல் வாங்கினாள்.
தாளைக் கடன் கேட்டுப் பார்த்தேன்.

போன ஆடியில்
சுழற்கோப்பைக்கு அவள் அணி பணகுடிக்கு வந்தது.
வயது முப்பத்தாறு.
சென்னைப் பிள்ளைகள் எறிந்த ஒவ்வொரு பந்தையும்
காற்று பிடுங்கித் தின்றது.
கடைசி மூன்று வினாடி, ஒரு புள்ளி பின்தங்கல்.
பதினான்குக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதலாவதை நேராக எறிந்தாள்,
சென்னையில் எறிகிற மாதிரி.
காற்று கிழக்கே தூக்கிக்கொண்டு போனது.
கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்,
"ஏட்டி, காத்த மறந்துட்டியா?"
அவள் மேற்கே திரும்பிப் பார்த்தாள்.
இருட்டில் காத்தாடிகளின் சிவப்பு விளக்குகள்.
பந்தை இரண்டு தட்டு தட்டினாள்.
ஒரு முழம் மேற்கே எறிந்தாள்,
அச்சு அசலாக, பத்தாம் வகுப்பில் எறிந்தபடி.

அந்த நேரம் பார்த்து
காற்று நின்றது.

பந்து போர்டின் விளிம்பில் பட்டுத் தெறித்தது.
தவறிய த்ரோவுக்கு வெற்று வட்டம் போட வேண்டும்.
இரண்டு போட்டேன்.
காற்றுக்கு என்று அந்தத் தாளில்
கட்டம் எதுவும் அச்சடிக்கவில்லை.

கை குலுக்கல் முடிந்து மேஜைக்கு வந்தாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"வள்ளியூர்ல சென்னை வண்டி
எத்தன மணிக்கு அண்ணாச்சி?"
கேட்டுவிட்டு, தானே ரயில்வேக்காரி என்பது
ஞாபகம் வந்து மறுபடி சிரித்தாள்.

வேன் கிளம்பியது.
தாள் பறக்காமல் வைத்திருந்த கல்லை எடுத்தேன்.
தாள் அசையவில்லை.
வேன் மெயின் ரோட்டில் ஏறிய பிறகுதான்
தொடங்கியது, பாவி மட்டை.