இருபத்தேழாம் பெட்டி

தோட்டத்தில் எனக்குக் கூகைகளை எண்ணும் வேலை.
பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி.
மாதம் ஒருமுறை ஏணி சாத்தி ஏறி
முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை
கிராணியின் நோட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும்.
செம்பனைப் பழம் கடிக்கும் எலியைத் தின்ன
கம்பெனி கட்டித் தந்த வீடு அது.
'சங்கத்தில் சேராத தொழிலாளி' என்பார்
மண்டோர் ஜெயசீலன்.

ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து நாலு கார்.
சிலிம் ரிவரில் ரொட்டி சானாய் முடித்து
இருட்டுக்கு முன்பே வந்துவிட்டார்கள்.
இலை அச்சடித்த சட்டை, தொப்பி,
கைக்குழந்தை போல் தூக்கிவந்த லென்ஸ்கள்.
'நிஜ எலிக்குக் காத்திருந்தால் விடிந்துவிடும்'
என்றார் திரு ஹோ. அதில் பொய்யில்லை.
ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தார்.
கடை மரத்தூளோடு
மூன்று வெள்ளெலிகள்.

வாலில் தூண்டில் நரம்பு கட்ட
அவர் விரல்கள் தடிமன்.
என்னிடம் நீட்டினார்.
எண்பது வெள்ளி ஏற்கனவே என் பையில்.

எலிக்கு அழுகிறவள் இல்லை நான்.
விஷக்கட்டி வைத்த காலத்தில்
வாளி வாளியாய் அள்ளிக் கொட்டியவள்.
விஷம் தின்ற எலியும் கொஞ்ச தூரம்
தன் இஷ்டத்துக்கு ஓடும்.
இது நரம்பின் நீளம் வரை ஓடியது,
திரும்பி வந்தது,
மறுபடி ஓடியது.

கூகை சத்தமே இல்லாமல் இறங்கியது.
சத்தமெல்லாம் எங்களுடையது.
சிறகு சரியாக விரியவில்லையாம்.
இரண்டாவது எலி.
மூன்றாவதில் நரம்பு அறுந்தது.
'கிடைத்துவிட்டது!' கைகுலுக்கிக்கொண்டார்கள்,
எனக்கும் ஒரு கை வந்தது.

புதன்கிழமை ஏணி வைத்தேன்.
பெட்டிக்குள் அது கக்கிய உருண்டைகள்,
வழக்கமான பழுப்பு மயிர், தாடை எலும்பு.
ஒன்றை உடைத்தால்
உள்ளே வெள்ளை.
வெள்ளையைச் சுற்றி நரம்பு.
முடிச்சு அவிழவேயில்லை.
நான் போட்டது, இரண்டு சுற்று.

நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
முட்டை நான்கு என்று எழுதி இறங்கினேன்.

ஜனவரியில், டவுன் கிளினிக்கின் நாட்காட்டியில்
அந்தக் கூகை.
விரித்த சிறகில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது.
அழகுதான், மருந்துச்சீட்டை மறந்து பார்த்தேன்.
நரம்பு இருந்த இடத்தில் புல்.
செம்பனை மட்டைகளை இருட்டாக்கிக்
காடு செய்திருந்தார்கள்.
கீழே மலாயில்: இயற்கையின் வேட்டை.

மருந்து கட்டிக்கொண்டிருந்த திலகேஸ்வரி
நிமிர்ந்து கேட்டாள்,
'அக்கா, இது நம்ம தோட்டத்துப் பட்சியா?'

இல்லை, என்றேன்.
அது எங்கேயோ காட்டில் எடுத்தது.