அச்சுக்குப் பின்னால்

பிறை பட்டறையில் கியான் ஹோக்
அரிசிக் கடைத் தராசு ஒன்றை உருட்டிவந்து
கொக்கியின் கீழே வைத்தபோது எனக்குச் சிரிப்பு.
இருநூற்றுப் பத்து கிலோ.
"மூக்கு கனக்கணும்," என்றான் மலாயில்,
"வால் கனத்தா ஆடும்."
சங்கிலி இரண்டையும் கத்தரி போல மாற்றி மாட்டினான்.
கொக்கி கழன்றால்
தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளுமாம்.

அது வியாழன்.

சனிக்கிழமை விடிய நான்தான் ஓட்டினேன்.
பக்கத்தில் புவனேந்திரன்,
மடியில் அவிழ்க்காத நாசி லெமாக்.
டோலைத் தாண்டியதும்
நீட்டிவிட்ட கண்ணாடிகள் இரண்டிலும்
இருபத்திரண்டு அடி கேரவன்
கடன்காரனைப் போல விடாமல் வந்தது.

பாலம் மேடேறும் இடத்தில்
இடப்பக்கம் காற்று.
வலப்பக்கம் ஒரு விரைவுப் பேருந்து முந்தியது:
முதலில் தள்ளியது,
கடந்ததும் இழுத்தது.
கேரவன் ஒருமுறை இடுப்பை அசைத்தது.
இன்னொரு முறை, கொஞ்சம் பெரிதாக.
மூன்றாவதில்
ஸ்டீயரிங் என் கையில் எடையே இல்லாமல் கிடந்தது.

"பிரேக்! பிரேக்கப் பிடி!"

காலும் அதையேதான் கேட்டது.
கொடுக்கவில்லை.
எண்ணெயிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான்.
இப்படி அப்படித் திருப்பிச் சமாளிக்கவும் இல்லை.
நேராகப் பிடித்துக்கொண்டு
இடது முழங்காலருகே இருந்த சின்ன நெம்புகோலை,
பின்வண்டிக்கு மட்டுமான பிரேக்கை,
புளி பிழிவதுபோல மெல்ல அழுத்தினேன்.

யாரோ பின்னாலிருந்து
புடவையைப் பிடித்து நிறுத்தியதுபோல்
நேரானது.
எழுபது. ஐம்பத்தைந்து. ஐம்பது.
ஒரு மைவி ஹாரனை விடாமல் அடித்தது.
அடிக்கட்டும்.
கீழே கடல் இருந்ததே
அப்போதுதான் கண்ணில் பட்டது.

பாயான் லெப்பாஸ் எண்ணெய் நிலையத்தில்
பின்பெட்டியைத் திறந்தேன்.
ஜெனரேட்டர்.
அதை ஒட்டி இரண்டு கேன் தண்ணீர், விளிம்புவரை.
வியாழனன்று முன்பெட்டியில் இருந்தவை.

"கட்டில் முன்பக்கம்தானே..." என்றான்.
"அந்த இரைச்சல்ல நீ தூங்கமாட்டே. அதான் ராத்திரியே மாத்தி வச்சேன்."

என்ன சொல்வது.
அன்புதான்.
ஆனால் அச்சுக்குப் பின்னால்.

தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினோம்.
ஜெனரேட்டரை ஆளுக்கொரு பக்கம் தூக்கி
நண்டு நடையில் முன்னால் கொண்டுபோனோம்.
அவன் மண்டியிட்டுச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான்,
பிறகு ஒவ்வொரு டயரையும்,
பிறகு மறுபடி சங்கிலியை.
நாசி லெமாக் ஆறிப்போயிருந்தது. நெத்திலி மட்டும்
இன்னும் மொறுமொறுவென்று.

இரவு கெர்தாக் சங்குலில்
தலைமாட்டில் அந்தச் சனியன் இரைந்த இரைச்சலுக்கு
ஒன்பது மணிக்கே அணைத்துவிட்டோம்.
வேர்வை. கொசு. திறந்த கதவு.

இருட்டில் கேட்டான்:
"கால எடுக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கியான் ஹோக் சொன்னான்.
நீ அப்ப போன்ல இருந்தே."