காற்புள்ளி

நீளம் ஆறு மீட்டர்.
அகலம் ஒன்று இருபது.
ஆழம் ஐந்து சென்டிமீட்டர்.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதிப் பெருக்கினேன்.
மணல் அமுங்கும் என்று
பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டேன்.
பகலெல்லாம் மருந்துக்கடையில்
மில்லிகிராமோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.
மணலிடமா தோற்பேன்?

"நாலு கன மீட்டரா?" என்றாள் தொலைபேசியில்
மணல் கிடங்குப் பெண்.
"ஒரு நடைபாதைக்கா?"
அந்தக் "கா"வை
நான் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.
"நாலுதான்" என்றேன்,
நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில்.

வியாழக்கிழமை வந்தது லாரி.
பின்பக்கம் தூக்கிக்கொண்டே போனது,
கொட்டிக்கொண்டே இருந்தது.
நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.
கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல்;
மழையில் நனைந்த மணல் வேறு.
ஆறரை டன் என்று காட்டியது ரசீது.
கராஜின் கதவு பாதிக்கு மேல் தெரியவில்லை,
கார் உள்ளே இருந்தது.
ரிமான்டஸ் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தான்.
குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"கடற்கரை எத்தனை மணிக்குத் திறக்கும்?"

உறையை மறுபடி எடுத்தேன்.
ஐந்து சென்டிமீட்டரை மீட்டராக்கிய இடத்தில்
ஒரு பூஜ்யம் விடுபட்டிருந்தது.
எங்கள் லிதுவேனியாவில்
தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான்.
அது என் காலை வாரிவிட்டிருந்தது.

சிரித்தோம், அன்று மாலை வரை.

இரவு தூக்கம் வரவில்லை.
மணலுக்காக இல்லை.
திங்கட்கிழமை ஒரு கைக்குழந்தைக்குச்
சொட்டு மருந்து கலந்து கொடுத்தேனே,
அது அரையா, அரையில் பத்தில் ஒன்றா?
எழுதிய கை இதே கை.
எழுதிய நேரமும்
இதே போல் கடை மூடப்போகிற நேரம்.

விடியுமுன்னே உட்டேனாவின் வெறுந்தெருவில் நடந்தேன்.
கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு,
ஒரு வாரப் பதிவேட்டைப்
பூஜ்யம் பூஜ்யமாக விரல் வைத்துப் படித்தேன்.
எல்லாம் சரி.
அந்தச் "சரி"யைப் பிடித்துக்கொண்டு
முக்காலியில் உட்கார்ந்து
கொஞ்சம் அழுதேன்.

சனிக்கிழமை கல் பதித்தோம்.
ஏழு தள்ளுவண்டி மணலில் முடிந்துவிட்டது பாதை.
குவியல் அதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு டேய்விடாஸ்
கேரட் புதைத்து வைக்க நாலு வாளி கேட்டான்.
எதிர்வீட்டு உக்னேவுக்கு ஒரு மணற்பெட்டி.
தெருப் பூனைகள் அனுமதி கேட்கவில்லை.
மீதியைப் போர்த்தி வைத்த நீலத் தார்ப்பாயை
நவம்பர் காற்று வாரத்துக்கு ஒருமுறை
எங்கள் படுக்கையறை ஜன்னலில் அறைந்தது.

ஜனவரியில் ஒரு நாள் மழை பெய்து
பெய்தபடியே உறைந்தது.
தெரு கண்ணாடியானது.
நகராட்சி வண்டி வருவதாகச் சொன்னார்கள்,
சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.
ரிமான்டஸ் மண்வெட்டியை எடுத்தான்.
உறைந்த மேலோட்டைக் கடப்பாரையால் உடைத்தான்.
எங்கள் வாசல், பிறகு டேய்விடாஸ் வாசல்,
பேருந்து நிறுத்தம், அதற்கும் அப்பால்.
எவ்வளவு தேவைப்படும் என்று அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோருடைய
காலணியிலும் என் மணல்.
கூட்டம் ஓய்ந்ததும் துடைப்பத்தால் ஒதுக்கினேன்.
ஒரு சிறு மேடு.
உற்றுப் பார்த்தேன்:
மூன்று கிராம் இருக்கும்.
யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு
தராசில் கொட்டினேன்.

மூன்று காற்புள்ளி ஒன்று.