சற்றுமுன் ஒருவர் வாங்கினார்

மஸ்ஜித் இந்தியா சாலை, மூன்றாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே ஒருவன்
"முரா, முரா" என்று தொண்டை கிழியத்
தலைத்துணி விற்கிறான்.
மேலே நான்
அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறேன்.

எங்கள் இணையக் கடையின் இடது மூலையில்
ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும்:
ரவாங்கிலிருந்து ஒருவர்
சற்றுமுன் இந்தப் புடவையை வாங்கினார். நீங்களும்?
ஐந்து நொடிக்கு ஒன்று வரணும் என்றார்
முதலாளி குணாளன்.
ஐந்து நொடிக்கு ஒரு புடவை போனால்
எனக்கு ஏன் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி
என்று நான் கேட்கவில்லை.
போகாத ஊருக்கு வழி சொல்வார்கள்;
நான் வாங்காத ஊருக்கெல்லாம் புடவை அனுப்பினேன்.
பந்திங். காப்பார். சுங்கை சிப்புட்டுக்கு
ஒரே இரவில் நாற்பது.

கைப்பேசியில் அந்தப் பெட்டி
சரியாக விலையின் மேல் போய் உட்கார்ந்தது.
ஒரு பெண் எழுதியிருந்தாள்:
"ஈ மாதிரி விரட்ட விரட்ட வருது.
விலையே தெரியல. நான் போறேன்."

அன்றிரவே மாற்றினேன்.
நிஜமாக வாங்கியவர் மட்டும்.
வந்தவர் துணியை நிதானமாகப் பார்த்த பிறகு
ஒருமுறை,
மூடினால் திரும்பாமல்,
விலையை மறைக்காமல்.
குணாளன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"கடை சாவு வீடு மாதிரி இருக்கு, சாருமதி."
தே ஓவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய், விடிகாலை மூன்று பன்னிரண்டு.
தைப்பிங்கிலிருந்து ஒரு ஆர்டர்.
வெள்ளை நூல் புடவை, கரையில்லாதது, ஒன்று.
குறிப்புக் கட்டத்தில்:
"வெள்ளிக்குள் வரணும். தங்கச்சிக்கு. கோடி."

பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது.
நான் சொல்லிக்கொடுத்தபடியே
உண்மையை மட்டும் சொன்னது.
அந்நேரம் விழித்திருந்த நான்கு பேரிடம்,
ஒருமுறை, விலையை மறைக்காமல்,
தைப்பிங்கிலிருந்து ஒருவர்
சற்றுமுன் இந்தப் புடவையை வாங்கினார்.
நீங்களும்?

காலையில் பதிவேட்டில் பார்த்தேன்.
கை கீபோர்டில் இருந்தது; எதையும் அழுத்தவில்லை.
கீழே அவன் கடை விரித்து
முதல் "முரா"வுக்குத் தொண்டையைச் செருமினான்.

பெட்டியை அணைத்தேன்.
குணாளன் கேட்டால் பழுது என்பேன்.
பொதி கட்டும் மேசைக்குப் போய்
தைப்பிங் உறையை மட்டும் பிரித்து,
வழக்கமாக வைக்கும் அட்டையை வெளியே எடுத்தேன்.
மஞ்சள் அட்டை, நடுவில் குத்துவிளக்கு:
மீண்டும் வருக.